சிப்பியும் கருவாடும்

நான் சிப்பி தின்றுவிட்டேன். முத்துக் குளிப்பவர்கள் எடுக்கும் சிப்பி அல்ல. தின்பதற்கென்றே வளர்க்கிற கடல் சிப்பி. அதையும் வேக வைத்தோ வறுத்தோ தின்னவில்லை; பச்சையாகத் தின்றேன். முழு உண்மையையும் சொல்ல வேண்டுமானால், உயிரோடு தின்றேன்.

ஊருக்குத் திரும்பியதும் இதை நான் வெளியில் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன நாளிலிருந்து இரண்டு வகை மனிதர்களால் எனக்குத் தொல்லை. ஒரு சாரார், "உங்களுக்குக்கூடவா புத்தி இப்படிப் போயிற்று?" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். மற்றொரு சாரார், "பலே! எப்படி இருந்தது?" என்று கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். முன்னவர்களுக்கு நான் பாவி. பின்னவர்களுக்கு நான் ரசிகன். இரண்டு பட்டமும் எனக்கு வேண்டாம். இரண்டு கட்சியோடும் சண்டை போடுவதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். கடைசியில் மூன்றாவதாக ஓர் ஆசாமியோடும் சண்டை இருக்கிறது. அவன் யார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லி விடுகிறேன். நியூயார்க்கில் என் அண்ணன் மகன் இருக்கிறான். நான் அங்கே போய் இறங்கிய மூன்றாம் நாள், "சித்தப்பா, இந்த ஊருக்கு வந்துவிட்டுச் சிப்பி சாப்பிடாமல் போகக்கூடாது" என்று ஒரு கடலுணவு விடுதிக்கு அழைத்துக்கொண்டு போனான். எங்கள் வீட்டுக்குள் மீன் நுழைந்தது கிடையாது. ஆனால் ஹோட்டலுக்குள் நான் நுழைந்ததுண்டு. வீட்டில் சைவம், வெளியே சௌகரியம் என்ற நம் மத்தியதர தர்மத்தை அனுசரித்து மீன் தின்னப் பழகியவன் நான். ஆகவே துணிந்து போனேன்.

வெள்ளை அங்கி போட்ட ஒருவர் எதிரே நின்று சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார். கையில் குட்டையான, கூர் இல்லாத ஒரு கத்தி. சிப்பியின் இரண்டு ஓடுகளும் கதவுக் கீல்போல் சேருகிற இடத்தில் முனையைச் செருகி ஒரு திருகு திருகினார். மேல் ஓட்டை எடுத்துப் போட்டுவிட்டு, உள்ளே சதையை ஓட்டோடு பிணைத்திருக்கும் தசையை அறுத்துவிட்டு, குழிந்த ஓட்டோடு பனிக்கட்டித் தூளின் மேல் வைத்தார். அதில் இருந்த கடல் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. ஒரு தட்டுக்கு ஆறு சிப்பி. கூடவே எலுமிச்சம்பழத் துண்டு, வெங்காயமும் மிளகும் போட்ட காடி, கண்ணில் நீர் வரவழைக்கிற ஒரு காரக் கிழங்கின் துருவல்.

தட்டு என் முன்னே வந்தது. அந்தப் பொருள் சாம்பல் நிறமாக, ஈரமாக, விளிம்பில் கறுத்துச் சுருங்கி, பளபளவென்று கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஞாபகம் வந்தது என்பதை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார். வாசகர்களில் ஜலதோஷம் பிடித்தவர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

"யோசிக்காதீர்கள் சித்தப்பா. ஓட்டோடு எடுத்து வாயில் சாய்த்துக் கொள்ளுங்கள்" என்றான் பையன்.

கண்ணை மூடிக்கொண்டு சாய்த்தேன். மெல்லவில்லை. அது போய்ச் சேர்ந்தது. உடனே நான், "பிரமாதம்!" என்றேன்.

அது பொய். முதல் சிப்பியின் ருசி எனக்குத் தெரியவே இல்லை. மூன்றாவது சிப்பியைத்தான் மென்று பார்த்தேன். கடலில் குளிக்கிறபோது அலை அடித்து வாய்க்குள் புகுமே, அந்த உப்பு முதலில் வந்தது. பிறகு, எதிர்பாராத ஒரு மெல்லிய தித்திப்பு. எல்லாம் போன பிறகு, செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் குடித்ததுபோல் நாக்கில் ஒரு நினைவு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அமிர்தமும் இல்லை, ஆலகாலமும் இல்லை.

அப்படியானால் முதலிலேயே "பிரமாதம்" என்று ஏன் சொன்னேன்? ஒரு சிப்பியின் விலை நான்கு டாலர். "ரூபாயில் கணக்குப் போடாதீர்கள்" என்று பையன் எச்சரித்திருந்தான். நான் போட்டுவிட்டேன். ஒரு தட்டு இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டியது. இரண்டாயிரம் ரூபாய்ப் பண்டத்தை நன்றாக இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. என் நாக்கு பேசுமுன்பே விலைச்சீட்டு பேசிவிட்டது.

இங்கேதான் ரசிகக் கட்சியாரோடு என் சண்டை. அந்த விடுதியின் சுவரில் ஒரு பலகை. அதில் சிப்பிகளின் பெயர்கள்: புளூ பாயிண்ட், வெல்ஃப்லீட், மால்பெக். பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் இவற்றின் குணபேதங்களைக் கச்சேரி விமர்சகர் ராகலட்சணம் சொல்வதுபோல் தம் நண்பருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஒன்று உயர்ந்ததாம், ஒன்று மத்திமமாம், ஒன்று பாமரர்களுக்காம். விஷயம் என்னவென்றால், இவை மூன்றும் ஒரே இனம். கனடாவிலிருந்து மெக்ஸிகோ வளைகுடா வரையில் அந்தக் கிழக்குக் கரை முழுவதும் இயற்கையாக விளைகிற சிப்பி இனம் ஒன்றுதான். புளூ பாயிண்ட் என்பது லாங் ஐலண்டில் ஓர் ஊர். வெல்ஃப்லீட் மாஸச்சூஸெட்ஸில் ஓர் ஊர். மால்பெக் கனடாவில் ஒரு விரிகுடா. தண்ணீரின் உப்பும் அதில் மிதக்கிற நுண்ணுயிர்த் தீனியும் இடத்துக்கு இடம் மாறுகிறபடியால் ருசியும் மாறுகிறது. ருசி வேறுபாடு நிஜம், நான் மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு மேல் கீழ் என்று அடுக்குகிறார்களே, அந்த வித்தை நமக்குப் புதிதா என்ன?

இந்தப் பெரிய மனிதப் பண்டத்தின் பூர்வோத்தரத்தைக் கேளுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் நியூயார்க்கில் இது ஏழைகளின் தீனி. துறைமுகத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் சிப்பிப் படுகைகள். தெருவில் தள்ளுவண்டியில் வைத்து விற்றார்கள். கானல் தெருவில் ஆறு சென்ட் கொடுத்தால் வயிறு கொண்ட மட்டும் தின்னலாம் என்று ஒரு முறையே இருந்தது. லண்டனிலும் அதே கதைதான். 1836-37-ல் வெளிவந்த டிக்கன்ஸின் 'பிக்விக்' நாவலில், வறுமையும் சிப்பியும் எப்போதும் சேர்ந்தே இருக்கின்றன என்று வேலைக்காரன் ஸாம் வெல்லர் கண்டுபிடித்துச் சொல்கிறான். அந்தக் காலத்துக் கனவான் ஒருவர் இன்று எழுந்து வந்து, ஆறு சிப்பிக்கு இருபத்து நான்கு டாலர் என்று கேட்டால், மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்வார்.

அந்தச் சிப்பி எப்படிப் பெரிய மனிதனாயிற்று? அளவு மீறி வாரினார்கள். வாரியது போக மிஞ்சியதன்மேல் நகரத்தின் சாக்கடையைத் திருப்பி விட்டார்கள். 1924-25 குளிர்காலத்தில் சாக்கடை நீர் பட்ட சிப்பியால் நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன் முதலிய நகரங்களில் டைஃபாய்டு பரவிச் சுமார் 150 பேர் மாண்டார்கள். 1927-ல் நியூயார்க் நகரத்தின் கடைசிச் சிப்பிப் படுகையையும் மூடினார்கள். மலிந்து கிடந்த பண்டம் அரிதாயிற்று. அரிதானதும் அதற்கு ருசி ஏறிவிட்டது! இன்று அதே துறைமுகத்தில் மறுபடியும் சிப்பிகளைக் கொண்டுபோய் விடுகிறார்கள். 2014-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் குறி, 2035-க்குள் நூறு கோடிச் சிப்பி. தின்பதற்காக அல்ல. வளர்ந்த சிப்பி ஒன்று நாளொன்றுக்கு 190 லிட்டர் வரையில் தண்ணீரை வடிகட்டக்கூடியது. மனிதன் அசுத்தப்படுத்திய தண்ணீரைச் சுத்தப்படுத்துகிற வேலைக்கு அதை அமர்த்தியிருக்கிறார்கள். விடுதிகளில் நாம் தின்று போட்ட ஓடுகளையே சேகரித்து, வெயிலில் காயப் போட்டு, குஞ்சுச் சிப்பிகள் ஒட்டி வளர்வதற்கு இடமாகக் கொடுக்கிறார்கள். நான் தின்ற ஆறும் அப்படிப் போயிருந்தால் எனக்குச் சந்தோஷம்.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். 1825-ல் அந்த நகரத்தின் பிராட் தெருவில், வங்கிகளுக்கும் சுங்கச் சாவடிக்கும் பக்கத்தில், தாமஸ் டவுனிங் என்ற கறுப்பர் சிப்பிக்கடை ஒன்று திறந்தார். சிப்பிக் கடை என்றால் அழுக்கு நிலவறை என்று இருந்த காலத்தில், இவர் கம்பளம் விரித்து, சரவிளக்குத் தொங்கவிட்டார். வங்கிக்காரர்களும் வியாபாரிகளும் அரசியல்வாதிகளும் வந்து குவிந்தார்கள். 1842-ல் டிக்கன்ஸ் அந்த ஊருக்கு வந்தபோது நடந்த பெரிய வரவேற்பு விருந்துக்குப் பலகாரம் இவருடையதுதான். மேலே வெள்ளைத் துரைமார் சிப்பி தின்றுகொண்டிருந்தார்கள்; அதே கட்டடத்தின் நிலவறையில், தென் மாகாணங்களிலிருந்து தப்பி ஓடி வந்த அடிமைகள் ஒளிந்துகொண்டிருந்தார்கள். கறுப்பர் கையால் திறந்த சிப்பி தொண்டைக்குள் சுகமாக இறங்கியது. கறுப்பரைக் குடிமகன் என்று ஒப்புக்கொள்வதுதான் தொண்டையில் சிக்கியது. அந்த மண்ணில் பிறந்த கறுப்பரும் குடிமக்களே என்ற சட்டம் 1866 ஏப்ரல் 9-ஆம் தேதி நிறைவேறிற்று. டவுனிங் மறுநாள் காலமானார். அவருடைய சவ அடக்கத்துக்காக நகரத்து வர்த்தக சபையையே மூடினார்களாம். செத்த பிறகு மரியாதை செய்வதில் எந்த நாட்டாரும் சளைத்தவர்கள் அல்ல.

சரி, இனி முகம் சுளித்த கட்சியாரிடம் வருகிறேன்.

"உயிரோடு தின்பதா?" என்று கேட்கிறீர்கள். கேள்வி நியாயமானது. தயிரில் கிருமி இல்லையா என்று நான் குதர்க்கம் பேசப் போவதில்லை. கொல்லாமை ஒரு பெரிய விரதம். அதை மெய்யாகவே அனுஷ்டிக்கிறவர்களுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் மெய்யாக அனுஷ்டிக்கிறவர்களிடம் ஒரு தயக்கத்தைக் கண்டிருக்கிறேன். பிராணிகளுக்காக வாதாடும் தத்துவ ஆசிரியர் பீட்டர் ஸிங்கர் 1975-ல் வெளியிட்ட நூலில், தின்னக் கூடியதற்கும் கூடாததற்கும் நடுவே கோடு கிழிக்க வேண்டுமானால் இறாலுக்கும் சிப்பிக்கும் நடுவே கிழிக்கலாம் என்றார். சிப்பிக்கு மூளை கிடையாது. சில நரம்பு முடிச்சுகள்தான் உண்டு. அதற்கு வலி தெரியுமா என்பது சந்தேகம். 1990-ல் மறுபதிப்புப் போட்டபோது அந்தச் சந்தேகத்தையே காரணமாக வைத்து, சிப்பியையும் விட்டுவிடுவதே நல்லது என்று கோட்டை நகர்த்தினார். இது யோக்கியமான தயக்கம். யோசிக்கிற மனசாட்சி இப்படித்தான் முன்னும் பின்னும் போகும். அருவருப்புக்கு அந்தச் சங்கடமே கிடையாது. அது யோசிப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடும்.

"உடம்புக்கு ஆகுமா?" என்றும் கேட்கிறீர்கள். அதுவும் நியாயமே. பச்சைச் சிப்பியில் சில காலங்களில் பொல்லாத கிருமி இருக்கும். ஈரல் வியாதிக்காரர்களும் நோய் எதிர்க்கும் சக்தி குன்றியவர்களும் அதைத் தொடவே கூடாது. அந்த விடுதியின் உணவுப் பட்டியலிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. எந்தத் தண்ணீரில், எந்தத் தேதியில் எடுத்த சிப்பி என்ற சீட்டை மூட்டையோடு கட்டி அனுப்ப வேண்டும். மூட்டை தீர்ந்த பிறகும் கடைக்காரர் 90 நாள் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பது அங்கே சட்டம். திறந்து கிடக்கிற சிப்பியைத் தட்டினால் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் அது செத்தது, குப்பையில் போட வேண்டும். இதெல்லாம் ஜாக்கிரதை. ஜாக்கிரதை வேறு, அருவருப்பு வேறு. ஜாக்கிரதை பண்டத்தைப் பரிசோதிக்கிறது. அருவருப்பு பண்டத்தைத் தின்கிறவனைப் பரிசோதிக்கிறது.

1884-ல் செகாவ் 'சிப்பிகள்' என்று ஒரு சிறுகதை எழுதினார். மாஸ்கோ தெருவில் பசியால் துவண்டு நிற்கிற ஒரு சிறு பையன், எதிரே உணவு விடுதியின் சுவரில் 'சிப்பிகள்' என்ற எழுத்தைப் பார்க்கிறான். அது என்ன பிராணி என்றே அவனுக்குத் தெரியாது. தவளை மாதிரி ஒரு ஜந்துவைக் கற்பனை பண்ணிக்கொள்கிறான், அருவருப்பால் நடுங்குகிறான், ஆனாலும் பசி பொறுக்காமல், "சிப்பி கொடுங்கள்!" என்று கத்துகிறான். இரண்டு கனவான்கள் வேடிக்கைக்காக அவனை உள்ளே அழைத்துப்போய் வாங்கிக் கொடுக்கிறார்கள். பையன் ஓட்டையும் சேர்த்துக் கடிக்கிறான். கூடியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். வாலிபப் பிராயத்தில் அந்தக் கதையைப் படித்துவிட்டு, அந்தக் கனவான்களை மனசார வைதேன். நான் அந்தக் கூட்டத்தில் நின்று சிரித்திருக்க மாட்டேன் என்று திடமாக நம்பினேன்.

இப்போது அந்த மூன்றாவது ஆசாமியைப் பற்றிச் சொல்கிறேன்.

1998-ல் சென்னையில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் ஆறு வீடுகள். மாடியில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. கணவருக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். நல்ல மனிதர்கள், முதல் தேதி தவறாமல் வாடகை கொடுப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த அம்மாள் கருவாடு வறுப்பாள். அந்த வாசனை மாடிப்படி வழியாக இறங்கிவரும். மற்ற ஐந்து வீட்டாரும் கூடினோம். சொந்தக்காரருக்கு எழுத்து மூலமாகப் புகார் கொடுப்பது என்று முடிவாயிற்று. யார் எழுதுவது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஸார், நீங்கள் எழுத்தாளர். நாசூக்காக நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

எழுதிக் கொடுத்தேன். அருமையான கடிதம். மீன் என்றோ கருவாடு என்றோ அதில் ஒரு வார்த்தை கிடையாது. 'சுகாதாரம்', 'குழந்தைகள்', 'முதியவர்கள்', 'ஒத்த பழக்கவழக்கங்கள்' என்றெல்லாம் இருந்தது. நான் எழுதியவற்றுள் அத்தனை சீக்கிரம் பலன் கொடுத்தது வேறொன்றும் இல்லை. ஒரே மாதத்தில் அவர்களைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். போகிற அன்று அந்த மனிதர் என்னிடம் விடை பெற்றுக்கொள்ள வந்தார். "இந்தக் கட்டடத்திலே எங்களை ஒரு வார்த்தை சொல்லாதவர் நீங்கள் ஒருத்தர்தான் ஸார்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அவர் மனைவியும் சாமான் வண்டியோடு போனார்கள். நான் உள்ளே வந்து, பாதியில் நின்றிருந்த தொடர்கதை அத்தியாயத்தை எழுதி முடித்தேன். அதில் ஏழைகளுக்காக இரங்கி ஒரு நல்ல பாரா இருந்தது.

போன மாதம் எங்கள் பேட்டைச் சங்கத்தில், என் அமெரிக்க யாத்திரையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சிப்பிக் கதையைச் சொன்னேன். ஒரே சிரிப்பு, கைதட்டல். உயிருள்ள ஒரு ஜந்துவை, பச்சையாக, காடி தெளித்து விழுங்கினேன் என்றேன்; அதற்கும் கைதட்டல்! கடிதம் எழுதச் சொன்ன அதே எதிர்வீட்டுக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் அருகே வந்து, "அந்த விடுதி எந்தத் தெருவில் இருக்கிறது ஸார்? என் பெண் அங்கேதான் இருக்கிறாள், அடுத்த தடவை போகும்போது நாங்களும் ஒரு கை பார்த்துவிடலாம்" என்றார். அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. வறுத்த கருவாடு நாறியது. பச்சைச் சிப்பி மணக்கிறது. இரண்டும் கடலில் விளைந்தவைதான். ஒன்று மாடியில் குடியிருந்தவரின் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குத் தொட்டுக்கொள்ள வந்தது; மற்றொன்று நான்கு டாலர் கொடுத்து விமானம் ஏறிப் போய்த் தின்றது.

"இது ருசியைப் பற்றிய விஷயம், இதில் நியாயம் என்ன வந்தது?" என்று ரசிகக் கட்சியார் கேட்கலாம். "இது ஆசாரத்தைப் பற்றிய விஷயம்" என்று முகம் சுளித்த கட்சியார் சொல்லலாம். இரண்டும் சாக்கு. ருசியாக இருந்திருந்தால் நான் முதல் சிப்பியைப் பற்றிப் பொய் சொல்லியிருக்க வேண்டாம். ஆசாரமாக இருந்திருந்தால் என் சிப்பிக்கும் நீங்கள் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனை எந்த இடத்தில் வைப்பது என்று நாம் முன்பே தீர்மானம் பண்ணி வைத்திருக்கிறோம். மூக்கைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம். பாவம், மூக்கு! கூப்பிட்டபோதெல்லாம் வந்து நாம் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிவிட்டுப் போகிறது.

ஆகையால் வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நீங்கள் சிப்பி தின்ன வேண்டாம். கருவாடும் தின்ன வேண்டாம். விரதம் உங்களுடையது, அதைக் காப்பாற்றிக் கொள்ளுங்கள். ஆனால் 'சைவக் குடும்பத்துக்கு மட்டும்' என்று வாசலில் தொங்குகிறதே ஒரு பலகை, அதைக் கொல்லாமை விரதத்தின் கணக்கில் எழுதாதீர்கள். அந்தப் பலகையால் ஒரு மீன்கூட உயிர் பிழைத்ததில்லை. வீடு கிடைக்காமல் அலைந்த மனிதர்கள்தான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாடியிலிருந்து வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டால் அரை மணி நேரம் கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்குங்கள். கடிதம் மட்டும் எழுதாதீர்கள்.

எழுதத்தான் வேண்டும் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். நான் ஒன்று எழுதியாகிவிட்டது.